எஸ்.பி. ரோட்டில் ஒரு மோல்

ஆயிரத்து இருநூறு நட்டை யாரும் எண்ணுவதில்லை.
பத்தை எடுத்துத் தராசில் வைப்பேன்,
இருபத்தைந்து கிராம்.
பிறகு மூன்று கிலோ அள்ளிக் கொட்டி
பையின் வாயைக் கட்டிவிடுவேன்.

பீன்யாவிலிருந்து வந்த புதுப் பையனுக்கு நம்பிக்கையில்லை.
"எண்ணினீங்களா ஸ்டெல்லாக்கா?"
"நிறுத்தேன்."
"ரெண்டும் ஒண்ணா?"
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்,
எண்ணிப் போடு என்று எவன் சொன்னான்?

பதினோரு வருஷமாய் இதே தராசு.
சாயங்காலம் ஷட்டர் இறங்கியதும்
கையில் கிரீஸ் வாசனையோடு
ஈவ்னிங் காலேஜின் கடைசி பெஞ்சு.
முப்பத்தாறு வயதில் பி.யூ.சி.,
கெமிஸ்ட்ரி.

முதல் டெஸ்டில் தண்ணீர் செய்யச் சொன்னார்கள்.
ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தப் பக்கம்,
தண்ணீர் அந்தப் பக்கம்.
இங்கே ஆக்சிஜன் இரண்டு, அங்கே ஒன்று.
இடிக்கிறதே என்று
அங்கிருந்த ஓ-வின் காலடியில்
பொடி எழுத்தில் ஒரு இரண்டு சேர்த்தேன்.
அம்சமாய்ச் சமமானது.
சிவப்பு மையில் பூஜ்யம் வந்தது.
நான் செய்தது தண்ணீரே இல்லையாம்,
புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற மருந்தாம்.

மறுவாரம் சபீனா ஒரு பில் போட்டாள்.
எம்-ஆறு போல்ட்டு இருநூறு கேட்டவனுக்கு
நூற்றைம்பதுதான் இருந்தது.
மீதி ஐம்பதுக்கு எம்-எட்டைச் சேர்த்துக்
கணக்கை நேர் பண்ணிவிட்டாள்.
"டோட்டல் சரியா வருதுல்ல?"
"வருதுடி. ஆனா அவன் ஓட்டையில
எம்-எட்டு நுழையுமா?
சரக்கோட நம்பரை மாத்தக் கூடாது,
எத்தனை வேணும்கிறதை மட்டும்தான்..."

பாதியில் நின்றுவிட்டேன்.
சபீனா என் முகத்தையே பார்த்தாள்.
"என்னாச்சு?"
பில்லின் முதுகில் பெரிதாக எழுதினேன்,
தண்ணீருக்கு முன்னால் ஒரு இரண்டு,
ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு இரண்டு.
காலடி எண்களைத் தொடவில்லை.
அது அதன் உடம்பு.

அன்று ராத்திரி லிங்கராஜபுரத்தில்
ஸ்டவ் முன்னால் நோட்டோடு உட்கார்ந்தேன்.
சிலிண்டரில் இருப்பது பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால்
எத்தனை ஆக்சிஜன்?
ஆறரை வந்தது. அரை ஆக்சிஜனை யார் தருவார்கள்?
அழித்தேன், ரப்பர் தேய்ந்தது,
எல்லாவற்றையும் இரட்டித்தேன்.
இரண்டு பியூட்டேன், பதின்மூன்று ஆக்சிஜன்;
எட்டு கரியமிலம், பத்து தண்ணீர்.
பதினைந்து பேர் உள்ளே போய்
பதினெட்டுப் பேராய் வெளியே வருகிறார்கள்.
ஆனாலும் ஒரு அணு கூடவில்லை,
ஒன்றும் தொலையவில்லை.

பத்து தண்ணீரா? நெருப்பிலிருந்தா?
குளிர்ந்த பாத்திரத்தை ஏற்றிப் பார்த்தேன்.
வெளிப்பக்கம், ஜுவாலைக்குச் சற்று மேலே
பனி பூத்தது.
தினமும் பார்த்ததுதான்.
பாத்திரம் கழுவிய ஈரம் என்று
தினமும் துடைத்ததுதான்.

மோல் மட்டும் பிடிபடவில்லை.
ஆறும், பின்னால் இருபத்து மூன்று பூஜ்யமும்.
பெங்களூரின் ஒன்றரைக் கோடிப் பேரும்
சோறு தூக்கம் இல்லாமல்
நொடிக்கு ஒன்றாய் எண்ணினால்
நூற்று இருபத்தேழு கோடி வருஷம் ஆகும்.
அதற்குள் சிக்னலே மாறிவிடும்.

சனிக்கிழமை கடை கட்டும் நேரம்
யாருக்கும் தெரியாமல்
டம்ளரைத் தராசில் வைத்து
பூஜ்யமாக்கினேன்.
கேனிலிருந்து சொட்டுச் சொட்டாய்
பதினாறு, பதினேழு,
பதினெட்டு கிராம்.
ஒரு மடக்குக்கும் காணாது.

தாராசந்த் சேட் பின்னால் வந்து நின்றார்.
"தண்ணிக்கும் எடை போட ஆரம்பிச்சிட்டியா?"
"எண்ணிக்கிட்டிருக்கேன் சேட்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு மோலையும் குடித்தேன்.
தாகம் அடங்கவில்லை.
டம்ளரைக் கேனுக்கு அடியில் மறுபடி பிடித்தேன்,
இந்தத் தடவை தராசு இல்லாமல்.